ஒளியெழுத்தும் உழைப்பும்

அந்தி சாய்ந்த பின்னர் நமது நகரத்துக் கடைத்தெருவில் நடப்போர் அண்மைக் காலத்தில் ஒரு மாறுதலைக் கண்டிருப்பர். உணவுச்சாலை, சிகையலங்கார நிலையம், புடைவைக்கடை, கைத்தொலைபேசி விற்கும் கடை ஆகியவற்றின் சுவர்களிலே, கையெடுக்காமல் ஒரே கோட்டில் இழுத்தெழுதியவை போன்ற எழுத்துக்கள் செந்நிறத்திலும் நீலத்திலும் எரிகின்றன. மக்கள் அவற்றை ‘நியோன்’ என்று வழங்குகின்றனர். விற்போரும் அவ்வாறே கூறி விற்கின்றனர். ஆயின் அவற்றுள் ஒரு துளி நியோன் வாயுவும் இல்லை; கண்ணாடிக் குழாயும் இல்லை. ஒளி ஊடுருவும் அக்கிரிலிக் தகட்டிலே வாய்க்கால் வெட்டி, அவ்வாய்க்காலுள் ஒளிகாலும் இருவாயிகள் பதிந்த இறப்பர் போன்ற பட்டியொன்றை அழுத்தி வைத்திருக்கின்றனர். அவ்வளவே.

எம்மிடம் உயர்தர வகுப்பில் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் இத்தகைய பட்டறையொன்றில் வேலை பார்த்தார். ஒருநாள் வீதியில் எம்மைக் கண்டு, “சேர், பேர் மட்டுந்தான் நியோன். உள்ளுக்கை ஒண்டுமில்லை. வந்து பாருங்கோ” என்று அழைத்துச் சென்றார். அங்கு கண்டதும், அதன்பின் நாம் வாசித்தறிந்ததுமே இக்கட்டுரைக்கு ஆதாரம். ஒரு கடைப்பலகையைப் பற்றி எழுதுவது வரலாறாகுமா என்று சில நண்பர்கள் வினவக்கூடும். மன்னரும் போரும் மட்டுமே வரலாறு என்று கருதுவோருக்கு அது வரலாறாகாது. ஒரு பொருளைச் செய்யும் முறை மாறும்போது, அதைச் செய்தவனின் நிலை என்னவாகிறது என்று கேட்போருக்கு அப்பலகை ஒரு சாசனம்.

* * *

பெயரிலிருந்தே தொடங்குவோம். 1898ஆம் ஆண்டில், இலண்டனில் வில்லியம் ராம்சே, மொரிஸ் டிராவர்ஸ் என்னும் இரு இரசாயனவியல் அறிஞர்கள் காற்றைத் திரவமாக்கிப் படிப்படியாக ஆவியாக்கியபோது, அதுவரை அறியப்படாத ஒரு வாயுவைக் கண்டனர். மின்னைச் செலுத்தியதும் அது செந்தீயின் நிறத்திற் சுடர்ந்தது. ‘புதியது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்கு நியோன் என்று பெயரிட்டனர். அப்போது அது ஆய்வுகூடத்து அதிசயமே.

அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தவர் ஜோர்ஜ் குளோட் என்னும் பிரெஞ்சுக்காரர். 1902இல் தோன்றிய எயார் லிக்கிட் என்னும் கம்பனியின் மூலவர்களுள் அவர் ஒருவர். காற்றைத் திரவமாக்கி ஒட்சிசனைப் பிரித்து விற்பது அக்கம்பனியின் தொழில். நியோன் அத்தொழிலில் வேண்டாப் பொருளாக எஞ்சியது. எஞ்சியதை விற்க ஒரு வழி தேடியபோது பிறந்ததே நியோன் விளக்கு. 1910ஆம் ஆண்டு டிசெம்பரில் பாரிஸ் மோட்டார்க் கண்காட்சியில் குளோட் இரு நீண்ட குழாய்களை எரித்துக் காட்டினார். செந்நிற ஒளி வீட்டு விளக்குக்கு உதவாது. விளம்பரத்துக்கு உதவும் என்பது விரைவிலேயே புலனாயிற்று. 1915இல் அமெரிக்காவில் அவர் பெற்ற ஆக்கவுரிமை குழாயின் மின்வாய்களைப் பற்றியது. அவ்வுரிமையின் பலத்தால் நகரந்தோறும் உரிமங்களை விற்றுப் பெரும் பொருள் ஈட்டினார்.

குளோட்டின் பிற்கால வாழ்வையும் இங்கு கூறாமல் விடலாகாது. ஹிட்லரின் படை பிரான்சை ஆக்கிரமித்தபோது அவர் ஆக்கிரமிப்பாளரின் பக்கம் நின்று பிரசாரம் செய்தார். விடுதலைக்குப்பின் 1945இல் அவருக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. சில ஆண்டுகளின் பின் விடுதலையானார். அறிவுத்திறன் தன்னளவில் ஒருவரை மக்கள் பக்கம் நிறுத்திவிடுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஆனால் குளோட் ஒரு விளம்பரப் பலகையையும் தமது கையாற் செய்தவரல்லர். அதனைச் செய்தவர் கண்ணாடி வளைப்போர். அவர்தம் வேலையைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். கடைப் பெயரை முழு அளவிலே தாளில் வரைந்து, அதனை இடம்வலமாக மாற்றி மேசைமேல் விரிப்பர். நீண்ட கண்ணாடிக் குழாயை வாயுச் சுவாலையில் உருட்டி உருட்டிச் சூடேற்றுவர். குழாய் இளகித் தொய்யும் கணத்தில் அதனை எடுத்து, தாளிலுள்ள கோட்டின்மேல் வளைத்து வைப்பர். வளைவில் குழாய் நசுங்கிவிடாமலிருக்க, அதன் ஒரு முனையிற் பொருத்திய மெல்லிய இறப்பர்க் குழலைப் பல்லிடையே கவ்விக்கொண்டு அளவாக ஊதுவர். சூடு ஆறுவதற்குச் சில வினாடிகளே உண்டு. அதற்குள் கண் கோட்டையும், கை வளைவையும், மூச்சு குழாயின் பருமனையும் காத்தல் வேண்டும். ஒரு வளைவு பிழைத்தால் அந்தத் துண்டு குப்பைக்கே போகும்.

அதன்பின் இரு முனைகளிலும் மின்வாய்களை ஒட்டி, உயர் அழுத்த மின்னைப் பாய்ச்சிக் குழாயைச் சூடாக்கி, உள்ளே ஒட்டியிருக்கும் அழுக்கு வாயுக்களைப் பம்பியால் வெளியேற்றுவர். பின்னர் மிகக் குறைந்த அமுக்கத்தில் நியோனை நிரப்பிச் சூட்டினால் உருக்கி அடைப்பர். நியோன் செம்மஞ்சளாய் எரியும். நீலம் வேண்டுமாயின் ஆகன் வாயுவோடு ஒரு துளி இரசம் சேர்ப்பர். பத்தாயிரம் வோல்ற்றையும் கடக்கும் மின்னழுத்தம், உடைந்த குழாயிலிருந்து எழும் இரச ஆவி, நாள் முழுதும் முகத்தெதிரே எரியும் சுவாலை ஆகிய மூன்றும் அத்தொழிலாளியின் நித்திய துணைகளாயின. கண்ணாடி வளைக்கும் கை தேறுவதற்கு ஆண்டுகள் பல வேண்டும்.

இக்கலை உச்சமெய்திய நகரங்களுள் ஹொங்கொங் ஒன்று. 1950களிலிருந்து மூன்று நான்கு தசாப்தங்களாக அந்நகரின் வீதிகள் நியோனால் எரிந்தன. தூரிகை பிடித்துச் சீன எழுத்து எழுதுவோர் கடைப் பெயரை முதலில் எழுதிக் கொடுப்பர். தூரிகைக் கோட்டின் தடிப்பை ஒற்றைக் குழாயாற் காட்டவியலாது. எனவே பல குழாய்களை அருகருகே வளைத்து அத்தடிப்பைக் காட்டினர். எழுதுவோன், வளைப்போன், உயரத்து மூங்கிற் சாரத்திலேறிப் பொருத்துவோன் என மூவரின் உழைப்பும் ஒரு பெயர்ப்பலகையிற் கூடின. பின்னர் அந்நகரில் கட்டட விதிகளுக்கு ஒவ்வாத பலகைகளை அகற்றும் நடவடிக்கைகள் இறுகின. ஒளிகாலும் இருவாயி விளக்கு விலையிலும் மின்செலவிலும் மலிவாக வந்தது. இரண்டும் சேர்ந்து நியோனை வீழ்த்தின. சமீஸ் கிச்சின் என்னும் உணவுச்சாலையின் முன்னே பல்லாண்டு தொங்கிய பசுவின் உருவப்பலகை 2015இல் இறக்கப்பட்டு, இன்று எம் பிளஸ் என்னும் நூதனசாலையின் சேகரிப்பில் இருக்கிறது. பலகைக்கு நூதனசாலையில் இடங்கிடைத்தது. அதனை வளைத்தோரின் கைத்திறனுக்கு வாரிசு கிடைப்பது அரிதாயிற்று. 2022இல் சில்வியா சாங் நடித்து வெளிவந்த ஒரு ஹொங்கொங் திரைப்படம் இத்துயரையே பொருளாகக் கொண்டது. இறந்துபோன நியோன் கைவினைஞனின் மனைவி அவன் முடிக்காது விட்ட வேலையைத் தேடிச் செல்வதே அதன் கதை.

* * *

இனி, நியோனின் இடத்தைப் பிடித்த ஒளியைப் பார்ப்போம். திண்மப் பொருளொன்று சூடேறாமலே மின்னால் ஒளிர்வதை 1907இல் எச். ஜே. ரவுண்ட் என்னும் ஆங்கிலேயர் குறித்து வைத்தார். ஆனால் அதனை ஆழ்ந்து ஆராய்ந்தவர் ஒலெக் லொசெவ் என்னும் சோவியத் இளைஞர். நிஸ்னி நொவ்கொரொட் நகரின் றேடியோ ஆய்வுகூடத்தில் சிறு ஊழியராகச் சேர்ந்த அவர், 1927இல் இவ்வொளி பற்றிய தமது ஆய்வை வெளியிட்டார். 1942ஆம் ஆண்டு, நாசிப் படைகளின் முற்றுகைக்குள்ளான லெனின்கிராட் நகரிலே பசியால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 38. நியோனின் அதிபதி பாரிசில் நாசிகளுக்காகப் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் விளக்கை ஒருநாள் அணைக்கவிருந்த ஒளியின் முன்னோடி நாசிகளின் முற்றுகையிலே பட்டினியால் மாண்டார். இவ்வுண்மையை நாம் சோடித்துக் கூறவில்லை. வரலாறே இவ்வாறு அமைந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் செந்நிற இருவாயியை 1962இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்றிக் கம்பனியில் நிக் ஹொலொனியாக் உருவாக்கினார். நீலம் நெடுநாள் கைகூடவில்லை. யப்பானில் அக்கசாக்கியும் அமானோவும் நாகோயாவிலும், நக்கமுறா தொக்குஷிமா மாகாணத்து நிச்சியா என்னும் கம்பனியிலும் அதனைச் சாதித்தனர். 1993இல் நிச்சியா பிரகாசமான நீல இருவாயியை உலகுக்கு அறிவித்தது. அதனைக் கண்ட ஊழியருக்குக் கம்பனி அளித்த வெகுமதி 20,000 யென். நக்கமுறா வழக்குத் தொடர்ந்தார். 2004இல் தோக்கியோ நீதிமன்றம் 20,000 கோடி அல்ல, 2,000 கோடி யென் வழங்குமாறு தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டின்போது, 2005இல், ஏறத்தாழ 84 கோடி யென்னுக்கு இணக்கம் ஏற்பட்டது. 2014இல் மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற விஞ்ஞானியே தமது உழைப்பின் பயனுக்காக நீதிமன்றம் ஏற வேண்டியிருந்ததெனின், பெயரற்ற தொழிலாளியின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

* * *

ஒளி மாறியது மட்டும் கண்ணாடி வளைப்போனை வெளியேற்றிவிடவில்லை. வளைவை யார் உண்டாக்குவது என்பதும் மாறியது. இன்று அக்கிரிலிக் தகட்டில் வாய்க்கால் வெட்டுவது சி.என்.சி. எனப்படும் எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரம். நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்று திசைகளிலும் வெட்டுக்கூர் எங்கு செல்ல வேண்டும் என்பதை எண்களாகத் தொகுத்துக் கொடுத்தால், அது அவ்வாறே சென்று வெட்டும். இவ்வியந்திரத்தின் பிறப்பையே முற்போக்குச் சிந்தையுடையோர் கூர்ந்து கற்றல் வேண்டும்.

கட்டளையைக் கைத்திறனிலிருந்து பிரித்தெடுத்துத் தனிப்பொருளாக்கும் முயற்சி புதியதன்று. 1804ஆம் ஆண்டளவில் பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார் என்பவரின் தறி, துளையிட்ட அட்டைகளின்படி பட்டிற் பூவேலை நெய்தது. நெசவாளியின் நினைவில் இருந்த கோலம் அட்டைக்கு மாறியது. அந்நகரத்துப் பட்டு நெசவாளர் 1831இலும் 1834இலும் கிளர்ந்தெழுந்தனர். 1831இல் அவர்கள் கேட்டது தறியை உடைப்பதற்கு அனுமதியன்று. நெய்த துணிக்கு வியாபாரிகள் ஒப்புக்கொண்ட குறைந்தபட்சக் கூலியையே கேட்டனர். இங்கிலாந்தின் லுடைற்றுக்களையும் இவ்வாறே விளங்கிக்கொள்ள வேண்டும். 1811இல் நொற்றிங்ஹம் பகுதியிலே காலுறை பின்னுவோர் உடைத்த சட்டங்கள் புதியவை அல்ல. இரு நூற்றாண்டுகளாக அவர்கள் கையாண்ட வகையினவே. தரங்குறைந்த துணியைச் செய்வித்துக் கூலியை வெட்டிய முதலாளிகளின் சட்டங்களையே அவர்கள் தேடித்தேடி உடைத்தனர். 1812இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமுடைப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்துப் பேசியவர் கவிஞர் பைரன். அதுவே அச்சபையில் அவர் ஆற்றிய கன்னிப் பேச்சு. இயந்திரத்தைக் கண்டு அஞ்சிய மூடர் என்று பாடநூல்கள் தூற்றிய அம்மக்கள், இயந்திரம் யாருக்காக இயங்குகிறது என்ற கேள்வியையே எழுப்பினர்.

எண்வழிக் கட்டுப்பாட்டின் கதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்குகிறது. ஜோன் பார்சன்ஸ் என்பவரின் தொழிற்சாலை ஹெலிகொப்டர்ச் சிறகுகளைச் செய்தது. சிறகின் வளைவைத் துல்லியமாக வெட்டும் பொருட்டு, வளைவின்மீது பல புள்ளிகளைத் துளையட்டைக் கணிப்பொறியாற் கணித்தனர். ஒருவர் எண்களை உரக்க வாசிக்க, இயந்திரத்தின் ஒவ்வொரு கைச்சக்கரத்திலும் நின்ற தொழிலாளர் அவ்வெண்ணுக்குச் சக்கரத்தைத் திருப்பினர். வாசிப்போனையும் திருப்புவோனையும் நீக்கி எண்களையே நேராக இயந்திரத்துக்குக் கொடுத்தால் என்ன என்று பார்சன்ஸ் எண்ணினார். 1949இல் அமெரிக்க விமானப்படை அதற்குப் பணம் வழங்கியது. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுகூடம் வேலையை ஏற்று, 1952ஆம் ஆண்டு செப்டெம்பரில் துளையிட்ட நாடாவினால் இயங்கும் முதல் வெட்டியந்திரத்தைக் காட்டியது. வாங்குவோர் முன்வராதபோது, விமானப்படையே நூற்றுக்கு மேற்பட்ட இயந்திரங்களுக்குப் பணம் கொடுத்துத் தொழிற்சாலைகளில் நிறுத்தியது. சந்தையின் இயல்பான தேவையே தொழில்நுட்பத்தை வளர்க்கிறது என்போர் இதனைச் சிந்திக்கட்டும்.

அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. 1940களின் பிற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்றிக் கம்பனியில், தேர்ந்த தொழிலாளி இயந்திரத்தை ஒருமுறை கையால் இயக்கும்போது, அவ்வசைவுகளை நாடாவிற் பதிந்து, பின்னர் அந்நாடாவைக் கொண்டே இயந்திரத்தை இயக்கும் முறையை உருவாக்கினர். செலவு குறைந்த எளிய முறை அது. அக்கம்பனியிற் பணியாற்றிய எழுத்தாளர் கேட் வொனகட், 1952இல் வெளியிட்ட ‘பிளேயர் பியானோ’ என்னும் நாவலில் ரூடி ஹேர்ட்ஸ் என்னும் கடைசற் தொழிலாளியைப் படைத்தார். அவனது கையசைவுகள் நாடாவிற் பதியப்படுகின்றன. அந்நாடா தொழிற்சாலையின் கடைசல் இயந்திரங்களையெல்லாம் இயக்குகிறது. அவனுக்கோ அதன்பின் அங்கு வேலையில்லை.

எனினும் நடைமுறையில் தொழிற்றுறை பதிவு முறையைக் கைவிட்டு எண்முறையையே தழுவியது. ஏன்? அமெரிக்க வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட ‘உற்பத்திச் சக்திகள்’ என்னும் நூல் இக்கேள்வியை ஆராய்ந்தது. பதிவு முறையிலே நாடா தொழிலாளியின் கையிலிருந்தே பிறக்கும். அவனின்றி எதுவும் தொடங்காது. எண்முறையிலோ நாடா அலுவலகத்தில் பிறக்கும். தொழிலாளி அதனைச் செருகிவிட்டுக் காவல் நிற்பவனாவான். சிக்கலான விமான உறுப்புக்களை வெட்ட எண்முறை தேவைப்பட்டது உண்மையே. ஆயின் அதனைத் தேவையற்ற இடங்களிலும் விரும்பியதற்கு, வேலைத்தளத்தின் அதிகாரத்தைத் தொழிலாளியிடமிருந்து பறிக்கும் வேட்கையும் ஒரு காரணம் என்று நோபிள் காட்டினார். ஆனாலும் அவ்வேட்கை முற்றாக நிறைவேறவில்லை. நாடாவிற் பிழை இருக்கும், வார்ப்பு இரும்பு ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் இளகியும் இருக்கும், வெட்டுக்கூர் மழுங்கும். ஒலியைக் கேட்டே பிழையை அறியும் பழுத்த தொழிலாளி அருகில் இல்லாதபோது, இயந்திரம் தவறாமல் தவறையே வெட்டியது.

மற்றொரு பாதையை நாடிய தொழிலாளரும் இருந்தனர். பிரித்தானியாவின் லூக்காஸ் எயரோஸ்பேஸ் கம்பனி ஆட்குறைப்புச் செய்ய முனைந்தபோது, அதன் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் 1976இல் ஒரு மாற்றுத் திட்டத்தை முன்வைத்தனர். ஆயுத உறுப்புக்களுக்குப் பதிலாகச் சிறுநீரக நோயாளருக்கான இயந்திரம், வெப்பப் பம்பி, வீதியிலும் தண்டவாளத்திலும் ஓடும் வாகனம் எனச் சமுதாயத்துக்குப் பயன்படும் ஏறத்தாழ 150 பொருள்களை அத்திட்டம் பட்டியலிட்டது. தொழிலாளியின் திறனை அழிக்காது அதனைப் பெருக்கும் கருவிகளும் அவற்றுள் அடங்கின. நிர்வாகம் திட்டத்தை நிராகரித்தது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான மைக் கூலி 1981இல் வேலைநீக்கப்பட்டார். தோற்ற திட்டமாயினும், இயந்திரம் இவ்வாறுதான் அமைய வேண்டும் என்ற விதி எதுவும் இயற்கையில் இல்லை என்பதை அது காட்டிச் சென்றது.

* * *

இப்போது எமது மாணவர் வேலை செய்த பட்டறைக்குத் திரும்புவோம். விமானப்படையின் பணத்தாற் பிறந்த இயந்திரம், நுண்செயலிகள் மலிந்தபின் மேசையளவுக்குச் சுருங்கிச் சிறு பட்டறைகளுக்கும் வந்திருக்கிறது. அதனை இயக்கும் மென்பொருள்களுட் சில, எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தத் தக்கவாறு பொதுச்சொத்தாக விடப்பட்டவை. இது வரவேற்கத் தக்க மாறுதலே.

எட்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள அக்கிரிலிக் தகடு. ஒளிப்பட்டியின் அகலம் ஆறு மில்லிமீற்றர். எனவே வாய்க்காலும் ஆறு மில்லிமீற்றர். ஆழம் நான்கு அல்லது ஐந்து. வாய்க்கால் ஒரு மயிரளவு அகன்றால் பட்டி கழன்று விழும். ஒரு மயிரளவு ஒடுங்கினால் உட்செல்லாது. வெட்டுக்கூர் வேகமாகச் சுழன்று மெதுவாக நகர்ந்தால், உராய்வின் சூட்டில் அக்கிரிலிக் உருகிக் கூரிலே ஒட்டிக்கொள்ளும். விரைந்து நகர்ந்தாற் கூர் முறியும். சரியான வேகத்தில் வெள்ளைத் துருவல் தேங்காய்ப்பூப் போல உதிரும். அதனைக் கண்டும், கூரின் ஒலியைக் கேட்டும் எமது மாணவர் வேகத்தைத் திருத்தினார். எந்த எண்ணும் அதனை முழுமையாக அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கோடு முடியும் இடத்தில் மின்கம்பி செல்ல ஒரு துளை. அதன் வழியே பின்புறத்தில் இணைப்பு. ஆயிரக்கணக்கான வோல்ற்றுக்குப் பதிலாகப் பன்னிரண்டு வோல்ற்று. இரச ஆவி இல்லை; சுவாலை இல்லை. பழைய தொழிலின் இடர்களை எண்ணிப் பார்ப்போர் இந்நன்மையைக் குறைத்து மதிக்கலாகாது.

ஆயின் தமிழெழுத்தில் ஒரு சிக்கல் தோன்றியது. கணினியில் உள்ள எழுத்துருக்கள் எழுத்தின் புறவெல்லையைத் தருவன. ஒளிப்பட்டிக்கு வேண்டியதோ எழுத்தின் நடுக்கோடு, அதாவது எழுத்தின் எலும்பு. ஆங்கிலத்துக்கு அத்தகைய ஒற்றைக்கோட்டு எழுத்துக்கள் கிடைக்கின்றன. தமிழுக்கு எளிதிற் கிடைப்பதில்லை. எனவே எமது மாணவர் கொப்பியிலே பென்சிலால் ஒவ்வோர் எழுத்தையும் எழுதி, எங்கே தொடங்கி எங்கே முடித்தால் பட்டி முறியாமல் வளையும் என்று பார்த்து, பின் கணினியில் அதனை வரைந்தார். ‘ழ’கரத்தின் கீழ்ச்சுழி, ‘ண’கரத்தின் மூன்று வளைவு, ‘ஐ’யின் உட்சுருள் ஆகியவற்றில் பட்டி மடியாதிருக்க வளைவை அகட்டினார். அகட்டியும் எழுத்தின் முகம் மாறாதிருக்கப் பலநாள் முயன்றார். புள்ளி மற்றொரு தொல்லை. பட்டியை அவ்வளவு சிறிதாக நறுக்க இயலாது. எனவே புள்ளிக்குத் தனித்துளை இட்டுத் தனி இருவாயி வைத்தார்.

இதனைக் கேட்டபோது எமக்குப் பனையோலை நினைவுக்கு வந்தது. எமது முன்னோர் எழுத்தாணியால் ஓலையிற் கீறியதும் ஒரு வாய்க்காலே. கீறிய கோட்டிலே விளக்குக்கரியைப் பூசித் துடைத்தபின் எழுத்துத் தெரியும். ஓலை கிழியாமற் கீறும் அழுத்தத்தை ஏடெழுதுவோனின் விரல் அறிந்திருந்தது. ஏட்டில் அவன் புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே விட்டான்; அதனால் நமது பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டைத் தமிழ் கற்றோர் அறிவர். அன்று மை நிரப்பிய வாய்க்காலில் இன்று ஒளி நிரம்புகிறது. கருவி மாறியும், தமிழெழுத்தின் வளைவை அறிந்த ஒரு கை இன்றி அது எழுதவில்லை.

அந்தக் கைக்குக் கிடைத்தது என்ன? எமது மாணவருக்கு நாட்கூலி. எழுத்துக்களை வரைந்த இரவுகளுக்குத் தனிக்கூலி இல்லை. பதினெட்டு மாதத்தில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யுமாக முழு நெடுங்கணக்கையும் அவர் வரைந்து முடித்தார். அதன்பின் பட்டறையில் அவரது தேவை குறைந்தது. புதிதாய்ச் சேர்ந்த ஒருவர் கடைப் பெயரை விசைப்பலகையில் அடித்தாற் போதும். வரைந்த எழுத்துக்கள் வரிசையாய் வந்து நின்றன. கூலியை உயர்த்தக் கேட்டபோது, “விருப்பமெண்டால் நில்லும்” என்ற பதில் கிடைத்தது. அவர் நின்றுகொள்ளவில்லை. எழுத்துக்கள் நின்றுவிட்டன, அவை பட்டறைக் கணினியில் இருக்கின்றன. வொனகட்டின் ரூடி ஹேர்ட்சைத் தேடி நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை என்பதை அன்று உணர்ந்தோம்.

இதற்கு இயந்திரத்தின்மீது பழி போடுவது எளிது, அது பிழையுமாகும். அதே இயந்திரத்தை நான்கு இளைஞர் கூட்டுறவாக வாங்கியிருந்தால், அதே எழுத்துக்கள் அவர்களுக்குச் சோறு போட்டிருக்கும். அவ்வெழுத்துக்களைப் பொதுச்சொத்தாக வெளியிட்டிருந்தால் தமிழ் எழுதும் பட்டறைகளெல்லாம் பயனடைந்திருக்கும். எழுதியவரின் பெயரும் அவற்றோடு நின்றிருக்கும். எமது பாடசாலைகளிலே தொழில்நுட்பப் பாடம் கற்பிக்கப்படுகிறது. இயந்திரத்தை இயக்கவும் கற்பிக்கிறோம். ஒருவர் தமது திறனை எண்களாக்கிக் கொடுக்கும்போது எதைக் கொடுக்கிறார், அதற்கு ஈடாக எதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதை நாம் கற்பிக்கவில்லை. தமிழாசிரியராகிய எமக்கும் இக்குறையிற் பங்குண்டு. எழுத்தின் வளைவைச் சொல்லிக் கொடுத்தோம். எழுதிய கைக்குரிய உரிமையைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எமது மாணவர் இப்போது வேறோர் ஊரில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். கடைத்தெருவில் நடக்கும்போது சில பலகைகளை நாம் அடையாளங் கண்டுகொள்கிறோம். அகட்டிய ‘ழ’கரமும் தனித்துளைப் புள்ளியும் அவர் கையைக் காட்டிக்கொடுக்கின்றன. பலகையின் கீழ் மூலையிலே பட்டறையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கின்றன. எழுதியவரின் பெயர் இல்லை. ஆகையால், வகுப்பு மாணவரை ஒருநாள் மாலை அத்தெருவுக்கு அழைத்துச் சென்று, இவ்வெழுத்துக்கள் யாருடையவை என்ற கேள்வியிலிருந்து அடுத்த பாடத்தைத் தொடங்குவதென்று தீர்மானித்திருக்கிறோம்.